வீரநகரத்தின் மதில்கள்

தென் அமெரிக்காவின் வடகோடியில், கொலம்பியா தேசத்தின் கரீபியக் கடற்கரையில் அமைந்த கார்த்தஹேனா என்னும் பழைய துறைமுகப் பட்டணத்துக்கு அந்நாட்டு ஜனங்கள் சூட்டியிருக்கும் பட்டம் வீரநகரம் என்பது. அந்தப் பட்டத்துக்குச் சாட்சியாக அவர்கள் காட்டுவது, பழைய நகரைச் சூழ்ந்து இன்றும் பெரும்பாலும் சிதையாமல் நிற்கும் மதில்களையும், அவற்றுக்கு வெளியே ஒரு குன்றையே போர்த்திக்கொண்டு கிடக்கும் சான் ஃபெலிப்பே கோட்டையையுமே. 1984-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபோதும், துறைமுகமும் கோட்டைகளுமே முதலிடம் பெற்றன. கப்பல் கப்பலாக வந்திறங்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கு வழிகாட்டிகள் சொல்லும் கதையும், கடற்கொள்ளைக்காரரும் பீரங்கிகளும் நிறைந்த மதிற்கதையே. ஒரு நகரத்தின் சரித்திரத்தை அதன் மதில்மேல் நின்று கடலைப் பார்த்துச் சொல்வது ஒரு வகை. அந்த மதிலுக்குக் கல் சுமந்தவனின் பக்கத்தில் நின்று சொல்வது மற்றொரு வகை. கார்த்தஹேனாவைப் பொறுத்தமட்டில் இரண்டாவது வகையே உண்மைக்கு அணுக்கமானது என்பதும், முதல் வகையிலேயே அந்நகரம் இன்னமும் மயங்கிக் கிடப்பது அதற்கே நஷ்டம் என்பதும் நம் அபிப்பிராயம்.

நகரை ஸ்தாபித்தவர் பெத்ரோ தெ எரேதியா என்னும் ஸ்பானியர். மாத்ரித் நகரத்துத் தெருச்சண்டை ஒன்றில் மூக்கறுபட்டு, வைத்தியரைக் கொண்டு அதைச் சீர் செய்துகொண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். 1533-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, கலமாரி என்னும் பூர்வகுடிகளின் சிற்றூர் இருந்த இடத்தில், சிறுமியாயிருந்தபோதே ஸ்பானியரால் கவர்ந்து செல்லப்பட்டு அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்ட கத்தலீனா என்னும் பூர்வகுடிப் பெண்ணைத் துபாஷியாக வைத்துக்கொண்டு, அவர் தம் கொடியை நாட்டினார். நகரத்தின் முதல் மூலதனம் வியாபாரத்தினால் வந்ததன்று. உள்நாட்டில் சினூ ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் இறந்தோருடன் பொன்னணிகளையும் புதைத்து வைப்பது வழக்கம். அந்தச் சமாதிகளைத் தோண்டி எடுத்த பொன்னே எரேதியாவின் பரிவாரத்தைச் சீமான்களாக்கிற்று. அவர் மீது குற்றச்சாட்டுகள் குவிந்து, அவற்றுக்குச் சமாதானம் சொல்ல ஸ்பெயினுக்குப் போகும் வழியில், கப்பல் உடைந்து மாண்டு போனார்.

பொன் தீர்ந்த பிறகும் நகரம் பிழைத்ததற்குக் காரணம் அதன் வளைகுடா. எவ்வளவு பெரிய கப்பற்படையும் புயலுக்கு அஞ்சாமல் நங்கூரம் பாய்ச்சி நிற்கக்கூடிய விசாலமான உட்கடல் அது. கடலிலிருந்து அதற்குள் நுழைய போக்காகிராந்தே, போக்காசிக்கா என இரண்டு வாய்கள் உண்டு. ஸ்பெயினிலிருந்து புறப்படும் வர்த்தகக் கப்பற்படை முதலில் இங்கே வந்து தங்கும். பெரு தேசத்து வெள்ளி பனாமா பூசந்தியைக் கடந்து போர்ட்டோபெலோ சந்தைக்கு வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும் அங்கே போகும். சந்தை முடிந்ததும் திரும்பவும் இங்கே வந்து, கப்பல்களைப் பழுதுபார்த்து, உள்நாட்டுப் பொன்னையும் மரகதத்தையும் ஏற்றிக்கொண்டு, ஹவானா வழியாகத் தாயகம் செல்லும். கப்பற்படை நிற்கும் மாதங்களில் நகரத்தின் ஜனத்தொகை திடீரென்று பெருகும், வீட்டு வாடகை ஏறும், சூதாட்டமும் குடியும் மலியும்; அது போனபின் வெயிலும் உறக்கமுமாக நகரம் ஒடுங்கிவிடும். வெளியிலிருந்து வரும் செல்வம் தன் வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, அதில் சிந்துவதைக் கொண்டே வாழப் பழகிய இந்தக் குணம், நூற்றாண்டுகள் கடந்தும் அந்நகரத்தை விட்டு முற்றும் நீங்கவில்லை.

இத்தகைய பட்டணத்தின் மேல் திருடர் கண் விழாதிருக்குமா? 1586-ஆம் ஆண்டு ஆங்கிலேயரான பிரான்ஸிஸ் டிரேக் வந்து, நகரைப் பிடித்து, வாரக்கணக்கில் அங்கேயே தங்கி, தெருத்தெருவாக வீடுகளைக் கொளுத்திக்கொண்டே பேரம் பேசி, கடைசியில் 1,07,000 டுக்கட் பொன்னை மீட்புப் பணமாகப் பெற்றுக்கொண்டு போனார்; கட்டி முடியாதிருந்த தேவாலயத்தின் ஒரு பகுதியும் அப்போது இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகே இரண்டாம் பிலிப் மன்னர், பௌத்திஸ்தா அந்தோனெல்லி என்ற இத்தாலிய எஞ்சினீயரை அனுப்பி, அரண்களுக்குத் திட்டம் வகுக்கச் செய்தார். அன்று தொடங்கிய வேலை, நின்றும் நடந்தும், இடிந்தும் எழுந்தும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. அதற்கான திரவியம் நகரத்தின் சொந்த வருமானத்திலிருந்து வரவில்லை; மலைமேல் இருக்கும் சாந்தா ஃபே, கீத்தோ ஆகிய தூரதேசக் கஜானாக்களிலிருந்து, குடியானவரிடம் வசூலித்த வரிப்பணம் மக்தலேனா நதி வழியாக ஆண்டுதோறும் இறங்கி வந்தது. இத்தனை செலவான மதில்கள் இங்கிருந்தே கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று மன்னர் தம் அரண்மனைச் சாளரத்தில் நின்று மேற்குத் திசையைத் துழாவினாராம். கதைதான், ஆனால் செலவைப் பற்றிய வயிற்றெரிச்சல் கதையல்ல.

மதிலின் அருகே சென்று பார்த்தால் கல்லில் பவளப்பூச்சிகளின் கூடுகள் வரிவரியாகத் தெரியும். பவளப்பாறைச் சுண்ணக்கல் அது. அதை வெட்டியவரும், சுமந்தவரும், சுண்ணாம்பு சுட்டவரும் அரசுக்கும் தனிப்பட்டோருக்கும் உடைமையாயிருந்த ஆப்பிரிக்க அடிமைகளும், தண்டனை பெற்ற கைதிகளுமே. தம்மை விலைக்கு வாங்கிய ஊருக்கு அவர்களே அரண் கட்டினர்.

அந்த அரண் யாரைக் காத்தது என்று கணக்குப் பார்த்தால் விடை அவ்வளவு கௌரவமாக இல்லை. 1697-இல் பிரெஞ்சுப் பிரபுவான பொயிந்தி, போக்காசிக்காவையும் சான் ஃபெலிப்பேயையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து உள்ளே புகுந்து கொள்ளையிட்டார்; பங்கு போதவில்லை என்று கோபங்கொண்ட அவருடைய கூட்டாளிகளான கடற்கொள்ளைக்காரர்கள், அவர் கப்பலேறிய பிறகு திரும்பி வந்து, மிச்சமிருந்ததையும் சுரண்டிக்கொண்டு போயினர். 1741-இல் வந்த முற்றுகைதான் நகரத்தின் கீர்த்திக்கு மூலம். ஆங்கிலேயத் தளபதி வெர்னான், சிறிதும் பெரிதுமாக 180-க்கு மேற்பட்ட கப்பல்களோடும், மாலுமிகளைச் சேர்த்து இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரோடும் வந்தார். எதிரே நின்றவர், முந்தைய யுத்தங்களில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து ஒரு கையும் முடமாகியிருந்த ப்ளாஸ் தெ லேஸோ என்னும் கடற்தளபதி. அவர் வசம் ஆறு போர்க்கப்பல்களும் கரையில் சில ஆயிரம் பேருமே இருந்தனர். ஆரம்ப வெற்றிச் செய்தியைக் கேட்டுக் களிகொண்ட ஆங்கிலேயர், லேஸோ வெர்னான் முன் மண்டியிடுவதாகப் பதக்கங்களை வார்த்து விற்றனர். அங்கேயோ சான் ஃபெலிப்பேயின் மேல் ஏறப் போன படை உடைந்து, அடுத்த மாதமே கப்பற்படை திரும்பிப் போயிற்று. அப்படையில் வைத்தியரின் உதவியாளாகப் பணிபுரிந்த ஸ்மாலெட் என்பவர், பின்னாளில் நாவலாசிரியராகி, அக்கப்பல்களில் காயம்பட்டோர் பட்ட அவஸ்தையையும் துறைமுகத்தில் மிதந்த பிணங்களையும் கூசாமல் எழுதி வைத்தார்.

லேஸோவின் தைரியத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படையை அழித்ததில் பீரங்கியைவிடப் பெரிய பங்கு மஞ்சள் காய்ச்சலுக்கு உண்டு என்பதைச் சரித்திரக்காரர் இன்று பொதுவாக ஒப்புக்கொள்கின்றனர். அக்காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அமெரிக்கக் கண்டத்துக்கு உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் முட்டையாகவும் புழுவாகவும் வந்து சேர்ந்தது. நல்ல ஊற்றுநீர் இல்லாத கார்த்தஹேனாவில் வீட்டுக்கு வீடு மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைப்பது வழக்கமாதலால், அது சுகமாக அங்கே குடியேறிற்று. பிள்ளைப் பிராயத்திலேயே அந்நோய் கண்டு பிழைத்தவரை அது மறுபடி தீண்டாது. புதிதாக வந்திறங்கியவனையோ ஒரு வாரத்தில் சாய்த்துவிடும். ஆகவே வீரநகரத்தைக் காத்த உண்மையான காவற்படை, மனிதரைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்த அதே கப்பல்களில் ஏறி வந்தது என்று சொன்னால், அது அலங்கார வார்த்தை அன்று. லேஸோவும் அதே ஆண்டு செப்டம்பரில், தம்மோடு பகைத்துக்கொண்ட வைஸ்ராய் எஸ்லாவாவின் புகார்களுக்கு நடுவே, அந்நகரிலேயே இறந்தார். அவரைப் புதைத்த இடம் இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை.

2014-ஆம் ஆண்டு, அப்போது இளவரசராயிருந்த சார்லஸ் கார்த்தஹேனாவுக்கு வந்தபோது, 1741-இல் மாண்ட ஆங்கிலேயச் சிப்பாய்களின் நினைவாக ஒரு கல்வெட்டு அங்கே திறந்து வைக்கப்பட்டது. நகரைக் கொள்ளையிட வந்தவனுக்கு நகரத்திலேயே நினைவுக்கல்லா என்று ஜனங்கள் கொதித்தெழுந்தனர். சில நாட்களில் அது அகற்றப்பட்டது. ஜனங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கடலை நோக்கி மட்டும் கேட்டுவிட்டு, ஊருக்குள் திரும்பிக் கேளாமல் விட்டார்கள் என்பதே நம் குறை.

ஊருக்குள் என்ன நடந்தது? ஸ்பானிய அமெரிக்காவில் அடிமைகளை இறக்க அனுமதி பெற்றிருந்த மிகச் சில துறைகளில் கார்த்தஹேனா தலையாயது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே இறக்கப்பட்டு, சிலர் நகரத்திலேயே தங்க, பெரும்பாலோர் மக்தலேனா நதிவழியே சுரங்கங்களுக்கும், பனாமா வழியே பெரு தேசத்துக்கும் கொண்டு போகப்பட்டனர். கரையேறியதும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் அவர்களைச் சாண்கோல் கொண்டு அளந்தனர். ஏழு சாண் உயரமுள்ள, ஊனமற்ற வாலிபன் ஓர் உருப்படி. குள்ளமானவரும், குழந்தைகளும், வயோதிகரும் அதில் பின்னமாகக் கணக்கிடப்பட்டனர். மொத்த மனிதரைக் கூட்டி, உருப்படிகளாக மாற்றி, அதற்குத் தீர்வை விதித்தார்கள். பிறகு, தீர்வை செலுத்தியாயிற்று என்பதற்கு அடையாளமாகச் சரீரத்தில் சூடு. 1713-க்குப் பின் இந்த வியாபாரத்தின் ஏகபோக உரிமை ஆங்கிலேயரின் தென்கடல் கம்பெனிக்குப் போயிற்று. அதன் கிடங்கு கார்த்தஹேனாவிலேயே இருந்தது. அந்த உரிமையை ஒட்டி மூண்ட தகராறுகளே முற்றி, வெர்னானைப் பீரங்கிகளோடு கொண்டுவந்து சேர்த்தன. முற்றுகையிட்டவரும் முற்றுகைக்கு உட்பட்டவரும் நேற்றுவரை ஒரே சரக்கில் பங்காளிகள்.

இந்த அக்கிரமத்தைக் கண்டு மனம் உறுத்தியவர் எவருமே இல்லையா எனில், இருந்தார். அலோன்ஸோ தெ சாந்தோவால் என்ற சேசு சபைப் பாதிரியார், கப்பல் கப்பலாக ஏறி இறங்கி, வந்தவர்கள் எந்த நாட்டார், எந்தப் பாஷையினர், முகத்தில் எவ்விதக் கீறல் உடையவர் என்று விசாரித்து, 1627-இல் செவில் நகரில் ஒரு பெரிய நூலாகவே அச்சிட்டார். இவர்கள் நியாயமான வழியில்தான் பிடிக்கப்பட்டவர்களா என்ற சந்தேகம் அவரை அரித்தது. ஆப்பிரிக்கக் கரையில் லுவாண்டாவிலிருந்த தம் சபையின் மடத்துத் தலைவருக்கு எழுதிக் கேட்டார். வந்த பதில் சாந்தமானது: இதைப் பற்றித் தங்களுக்கு மனக்கிலேசமே வேண்டாம்; இங்குள்ள கற்றறிந்த பெரியோர் எவரும் இதைப் பாவமாகக் கருதியதில்லை; நாங்களும் எங்கள் பணிக்காக இவர்களை வாங்கித்தான் வைத்திருக்கிறோம் என்பது அதன் சாரம். இவ்வளவு மரியாதையான பாஷையில் எழுதப்பட்ட இந்தக் கடிதம், சாட்டையைவிட நம்மைக் கலங்கச் செய்கிறது.

சாந்தோவாலின் சீடரே, நம் கத்தோலிக்க அன்பர்கள் புனித பீட்டர் கிளேவர் என்று அறிந்த மகான். 1610-இல் கார்த்தஹேனாவுக்கு வந்து, 1654-இல் அங்கேயே உயிர் நீத்த அவர், தம்மை அடிமைகளின் நித்திய அடிமை என்று கையெழுத்திட்டுக்கொண்டவர். கப்பல் வந்துவிட்டது என்று கேட்டதும், தண்ணீரும் எலுமிச்சம்பழமும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, பிணவாடை வீசும் கீழ்த்தட்டில் இறங்கிப் புண்களைக் கழுவியவர் அவர் என்பதற்குச் சாட்சியங்கள் ஏராளம். 1888-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்திற்று. அவருடைய எலும்புகள் அவர் பெயர் தாங்கிய ஆலயத்தின் பீடத்தடியில் இருக்கின்றன. ஆனால் அந்த இருண்ட தட்டில் அவர் தனியாக இறங்கவில்லை. அங்கோலா பாஷை பேசுவோனுக்கு ஒருவன், கினியாக் கரையானுக்கு வேறொருவன் என்று ஏழெட்டுத் துபாஷிகள் அவரோடு இறங்கினர்; பயத்தினால் நடுங்கிக் கிடந்தவன் முதலில் காதால் கேட்டது அவர்கள் குரலையே. அந்தத் துபாஷிகள் சேசு சபை மடம் விலைகொடுத்து வாங்கிய அடிமைகள். கிளேவரின் புனிதத்தை நிரூபிக்க நடந்த விசாரணையில், அங்கோலாவிலிருந்து வந்த அந்திரேஸ் சகபூச்சே போன்றவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, தாங்கள் கண்டதை விஸ்தாரமாகச் சொன்னார்கள். நாம் கிளேவரைப் பற்றி அறிந்தவற்றில் கணிசமான பகுதி அவர்கள் வாய்மொழியே. தம் எஜமானரின் மகிமைக்குச் சாட்சி சொன்ன அவர்களுக்குச் சபை விடுதலை அளித்ததா என்று கேட்கும் வழிகாட்டி எவனும் இல்லை.

இதே நகரில்தான் 1610-இல் மதவிசாரணை மன்றமும் ஸ்தாபிக்கப்பட்டது. அண்டை வீட்டானைப் பற்றி இரகசியமாகக் கோள் சொல்லுவதற்கென்று அதன் பக்கச் சுவரில் வைத்த சிறிய ஜன்னலை இன்றும் பார்க்கலாம். மன்றத்தின் பிடியில் பலமுறை சிக்கியவர்களில் பௌலா தெ எகிலூஸ் என்ற கறுப்பினப் பெண் ஒருத்தி. சூனியக்காரி என்று சவுக்கடியும் ஆஸ்பத்திரி ஊழியமும் தண்டனையாகப் பெற்ற அவள், அந்த ஊழியத்தின் வாயிலாகவே பெயர்பெற்ற மருத்துவச்சியாகி, பிஷப்புக்கே வைத்தியம் பார்த்தாள். பயந்துகொண்டே மதிப்பதும், தண்டித்துவிட்டு மருந்து கேட்பதும் கார்த்தஹேனாவின் சுபாவம்.

மதிலுக்கு உள்ளே இருக்க மறுத்தவர்களும் உண்டு. தப்பியோடிய அடிமைகள் சதுப்புநிலக் காடுகளுக்கு அப்பால் முள்வேலிக் குடியிருப்புகளை அமைத்தனர். அவற்றுக்குப் பலெங்கே என்று பெயர். அவர்களுடைய தலைவன் பென்கோஸ் பியோஹோவை வெல்ல முடியாமல், கவர்னர்கள் சமாதானம் பேசினர்; பிறகு 1621-இல் வாக்கை மறந்து, பிடித்துத் தூக்கிலிட்டனர். ஆயினும் குடியிருப்புகள் அழியவில்லை. நகரத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சான் பசீலியோ பலெங்கே, பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஒரு பிஷப்பின் மத்தியஸ்தத்தால் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தன் சுதந்திரத்தைச் சட்டப்படி நிலைநாட்டிக்கொண்டது. பியோஹோவையே தன் மூலபுருஷனாகக் கொள்ளும் அக்கிராமத்தார், ஸ்பானியச் சொற்களும் காங்கோ நாட்டு மொழியின் சாயலும் கலந்த ஒரு தனிப்பாஷையை இன்றும் பேசுகின்றனர். நகரத்தாருக்கு மதில் எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சேறும் முள்வேலியும். 

1811-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி ஸ்பெயினிலிருந்து பூரண விடுதலையைப் பிரகடனம் செய்யும்படி, தயங்கி நின்ற கனவான்களை நெருக்கியவர்களும் மதிலுக்குள் இருந்த மாளிகைவாசிகள் அல்லர். வேதாகமத்துக் கெத்செமனே தோட்டத்தின் பெயரைத் தாங்கிய புறச்சேரியில் வசித்த கருமார், தச்சர், தையற்காரர் முதலிய கலப்பினத் தொழிலாளர், பெத்ரோ ரொமேரோ என்ற கருமானின் தலைமையில் ஆயுதங்களோடு அரண்மனைக்குள் புகுந்து கையொப்பத்தைப் பெற்றனர். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ஸ்பானியத் தளபதி மொரீயோ நகரை மீட்க வந்தபோது, தம் முன்னோர் கட்டிய மதிலின் வலிமையை நன்கறிந்தவராதலால், அதன்மேல் மோதாமல் சுற்றி வளைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே குதிரையும், நாயும், எலியும், ஊறவைத்த தோலும் உணவாயின. நூறு நாட்களுக்கு மேல் நீடித்த அம்முற்றுகையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஜனங்கள் மடிந்தனர். மதில் அன்று தன் வேலையைச் செவ்வையாகச் செய்தது. வெளியே போக எவரையும் எளிதில் விடவில்லை.

அதற்குப் பின் வந்த நூற்றாண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தை மக்தலேனா நதியோடு இணைத்த கால்வாய் தூர்ந்தது, வியாபாரம் பர்ராங்கீயாவுக்குப் போயிற்று, இடித்துவிட்டு வேறு கட்டப் பணமில்லாத தரித்திரமே பழைய மாளிகைகளைக் காப்பாற்றிக் கொடுத்தது. தன் ஊரின்மேல் தனக்குள்ள பாசத்தைப் பழஞ்செருப்பின்மேல் உள்ள வாஞ்சைக்கு ஒப்பிட்ட உள்ளூர்க் கவிஞர் லூயிஸ் கார்லோஸ் லோப்பெஸின் நினைவாக, சான் ஃபெலிப்பேயின் அருகே வெண்கலத்தில் இரண்டு பெரிய செருப்புகளை வைத்திருக்கிறார்கள். நாம் அறிந்த நினைவுச்சின்னங்களில் பாசாங்கற்றது இதுவே. பிறகு உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். மதிலுக்கு வெளியே சதுப்பில் மண்ணிட்டுக் குடிசை போட்டு வாழ்ந்த கறுப்பின ஏழைகளின் சாம்பாக்கு சேரி, அப்பிரயாணிகளின் கண்ணில் படாதபடி, 1970-களின் தொடக்கத்தில் அப்புறப்படுத்தப்பட்டது. அச்சேரியின் வாழ்வை அறிய விரும்புவோர் மனுவேல் சப்பாத்தா ஒலிவேயாவின் நாவலைத்தான் நாட வேண்டும்.

பழைய அடிமைச் சந்தை கூடிய மைதானத்துக்கு இன்று வண்டிகளின் சதுக்கம் என்று பெயர். ஒரு பக்கத்து வளைவுகளின் கீழ் மிட்டாய்க் கடைகள். பொரித்த சிறுதானியத்தைத் துருவிய தேங்காயோடும் வெல்லப் பாகோடும் சோம்போடும் சேர்த்து உருட்டிய, பலெங்கே கிராமத்தாரின் கைப்பக்குவமான உருண்டைகளும் அங்கே கிடைக்கும். சுற்றுமுற்றும் வண்ணப் பாவாடை அணிந்து பழக்கூடையைத் தலையில் சுமந்த பலெங்கே மாதர், பழம் விற்பதைவிடப் படமெடுக்க நின்று காசு வாங்குவதே அதிகம். நடுவே, உயர்ந்த பீடத்தின்மேல் நிற்பது, சமாதிகளைத் தோண்டிய எரேதியாவின் சிலை. அதைப் பெயர்க்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை, ஸ்தாபகர் ஸ்தாபகர்தாம். அவருக்கு எதிரே, சாந்தோவால் பட்டியலிட்ட நாட்டினங்களின் பெயர்களையும், கிளேவரின் புனிதப்பட்ட விசாரணை ஏடுகளில் கண்ட சகபூச்சே முதலிய துபாஷிகளின் பெயர்களையும் அதே பவளக்கல்லில் வெட்டி நாட்டலாம் அல்லவா? ஏடுகள் இருக்கின்றன, கல் இருக்கிறது, இடமும் காலியாகக் கிடக்கிறது; வெர்னானின் சிப்பாய்களுக்கு ஒரு கல்லை நட்டுப் பிடுங்கிய நகரசபைக்கு இந்தச் செலவு ஒரு பெரிய பாரமாகிவிடாது.